பிப்ரவரி இருபத்தொன்பது

ரோட்டோருவாவில் மண்ணுக்கடியில் எப்போதும் உலை கொதிக்கும்.
ஊரெங்கும் கந்தகம், அழுகிய முட்டை வாடை.
வந்து போகிறவர்கள் மூக்கைப் பொத்துவார்கள்.
இங்கேயே பிறந்த எனக்கு
அப்படியொரு வாடை இருப்பதே தெரியாது.

ஏரிக்கரை ஓட்டலின் சலவைக்கூடத்தில்
நானும் பிரான்வினும் பதினோரு ஆண்டு
ஒரே விரிப்பின் இரு முனைகள்.
உதறு. இழு. நடந்து வா.
உன் மூலைகளை என் விரலில் கொடு.
ஒரு நாளைக்கு இருநூறு முறை
நெருங்கி வந்தோம், விலகிப் போனோம்.

பிப்ரவரியில் சீனத்து விமானங்கள் நின்றன.
விரிப்புகள் அழுக்காக மறுத்தன.
மேலாளர் சனிக்கிழமை என்னைக் கூப்பிட்டார்,
புதன்கிழமை அவளை.
அதே நாற்காலி, அதே வாசகம்,
எங்கள் இருவருக்கும் அதே கைக்குட்டைப் பெட்டி.

ஜூனில் அறிவித்தார்கள்:
தொற்றால் வேலை போனவர்களுக்கு
வாரம் நானூற்றுத் தொண்ணூறு டாலர், பன்னிரண்டு வாரம்.
மார்ச் ஒன்றிலிருந்து போயிருந்தால்.
முன்னாலேயே போனவர்களுக்குப்
பழைய படி, இருநூற்றைம்பது.

நலத்துறைக்குத் தொலைபேசினேன்.
ஐம்பது நிமிடம் பியானோ. பிறகு லாக்லன் என்றொரு பையன்.
பெயர்?
வைமாரி.
நல்லூழ் என்று பொருள், இல்லையா, என்றான்
மாவோரி வகுப்பில் புதிதாகச் சேர்ந்த உற்சாகத்தோடு.
வேலை போன தேதி?
சொன்னேன்.
தட்டச்சு நின்றது.
அடடா, என்றான். ஒரே ஒரு நாள்.

அந்த ஒரு நாள்
போன வருடம் இல்லை. அடுத்த வருடமும் இல்லை.
நாலாண்டுக்கு ஒருமுறை
நாட்காட்டியில் போடுகிற ஒட்டு அது.
பூமி சூரியனைச் சுற்றி முடிக்கையில்
கால் கால் நாளாய் மிச்சம் விழுகிறதாம்.
அந்தப் பாக்கியை
என் கணக்கில் எழுதிவிட்டார்கள்:
வாரம் இருநூற்று நாற்பது,
பன்னிரண்டு வாரம்,
இரண்டாயிரத்து எண்ணூற்று எண்பது டாலர்.
வானத்துக்கு இவ்வளவு கடன் கட்டியவள்
இந்தத் தெருவில் வேறு யாருமில்லை.

பிரான்வினின் கணவன் ஆண்டி மரம் ஏற்றும் லாரி ஓட்டுகிறான்.
வாரம் இரண்டாயிரத்தைத் தொடாதவரை
அவன் சம்பளத்தை அவர்கள் தொடுவதில்லை.
என் படிவத்திலோ
இரவில் யாராவது தங்குகிறார்களா என்று ஒரு கேள்வி.
குளியலறையில் எத்தனை பல்துலக்கி என்று மட்டும்தான் கேட்கவில்லை.

இதையெல்லாம் வேலிக்கு மேல் டிப்பெனேயிடம் கொட்டினேன்.
மர ஆலையில் முதுகு ஒடிந்து
ஒன்பது ஆண்டாய் அரசுப் பணத்தில் இருப்பவன்.
பொறுமையாய்க் கேட்டான். சிகரெட்டை இரண்டாய் ஒடித்துப்
பாதியைச் சட்டைப்பையில் வைத்தான்.
ஒரு நாள் பிந்தியிருந்தால் நீ மேலே, என்றான்.
நான் எத்தனை நாள் பிந்தியிருக்க வேண்டும்?
நான் விழுந்த அன்று
பக்கத்து ரம்பம்கூட நிற்கவில்லை.

எனக்குப் பதில் வரவில்லை.
அதுவரை நான் கேட்டதெல்லாம்
கோட்டைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்லித்தான்.
அழிக்கச் சொல்லி அல்ல.
இவன் வாழ்வதும் இந்த வாடையில்தான்.
ஒன்பது ஆண்டாய் என் மூக்கு எங்கே போயிருந்தது?

ஞாயிறன்று பிரான்வின் வந்தாள்.
கையில் ஒரு கட்டி வெண்ணெய்.
விலை ஒட்டியிருந்த இடத்தைச் சுரண்டியிருந்தாள்.
கொடியில் என் படுக்கை விரிப்பு காற்றில் அடித்துக்கொண்டிருக்க
கேட்காமலே ஒரு முனையைப் பிடித்தாள்.
உதறு. இழு. நடந்து வா.
விரல்கள் தொட்டபோது
மூலையோடு நான்காய் மடித்த ஐம்பது டாலரும்
என் உள்ளங்கைக்கு வந்தது.

இதை நான் வருமானமாய் அறிவிக்க வேண்டுமா, என்றேன்.
சிரித்தாள். நானும்.
பிறகு அவள், நிஜமாகவே,
வேண்டுமா என்ன, என்றாள் தணிந்த குரலில்.

விரிப்பு இன்னும் பாதிதான் மடிந்திருந்தது.
தெரியவில்லை, என்றேன்.
திங்கட்கிழமை போன் போட்டால்
ஐம்பது நிமிடம் பியானோ.